சாக்குக்கு அடியில் நடைவண்டி

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவருடைய முழங்கால் மரம் கடையும் லேத்தின் சுவிட்சைத் தட்டி அணைக்கிறது. இடது கை சுழலும் மரத்தை அமுக்கி நிறுத்துகிறது. வலது கை கோணிச்சாக்கை இழுத்து இயந்திரத்தின் நடுவில் போர்த்துகிறது. எல்லாம் நான்கு நொடி. வந்தவர் தபால்காரராக இருந்தாலும், பக்கத்தில் சாணை பிடிப்பவராக இருந்தாலும், பார்ப்பது என்னவோ சாக்கின் மேல் கையை ஊன்றி ஓய்வாக நிற்கும் ஒரு பெரிய மனிதரைத்தான். "மெஷினு சூடாயிடுச்சு, கொஞ்சம் ஆறட்டும்னு நிறுத்தினேன்" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

போன வாரம் அவசரத்தில் மரம் நிற்பதற்கு முன்பே சாக்கைப் போட்டுவிட்டார். சாக்கு மரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டது. வந்த ஆள் போனபிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து சணல் பிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவருக்குக் கூடிவரவில்லை.

சாக்குக்கு அடியில் இருப்பது திருட்டுப் பொருள் அல்ல. பிளைவுட் பலகையில் செய்த ஒரு தாங்கி, அவ்வளவுதான். நீளமான மெல்லிய மரத்தை இரண்டு முனையிலும் பிடித்துச் சுழலவிட்டு உளியை வைத்தால், நடுப்பகுதி உளிக்குப் பயந்து பின்வாங்கும். மறுகணம் திரும்பிவந்து இடிக்கும். அந்த நடுக்கம் மரத்தின் மேல் சுருள் சுருளாக வரி போட்டுவிடும். அப்படி ஆகாமல் மரத்தின் நடுவை மூன்று சின்னச் சக்கரங்கள் சூழ்ந்து பிடித்துக்கொள்வதற்கு இந்தத் தாங்கி. தொழிலில் இதற்கு ஸ்டெடி என்று பெயர். அவர் வைத்த பெயர் நடைவண்டி. "நடக்கத் தெரியாத புள்ளைக்கு மூணு சக்கரம் வேணும். எனக்கு எதுக்கு?" என்று இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

அவருக்கு அப்போது வேண்டியிருந்தது அவருடைய இடது உள்ளங்கை மட்டும்தான். சுழலும் மரத்தின் பின்பக்கம் அதை வைத்து, கட்டைவிரலால் உளியை அழுத்திக்கொண்டு, கையே தாங்கியாக நின்று கடைவார். உளி எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு உள்ளங்கை திருப்பித் தள்ளும். அதனால்தான் கடைசல் பட்டறைகள் இருக்கும் அந்தத் தெரு முழுக்க அவர் 'உள்ளங்கைக்காரர்'. மரம் உரசி உரசி அந்தக் கை காய்ப்பேறி, பழைய பித்தளைபோல மஞ்சளாக மின்னும். புதிய வாடிக்கையாளர் வந்தால் விலை சொல்வதற்கு முன் அதை விரித்துக் காட்டுவார். வீட்டில் அதற்கு அந்த மரியாதை கிடையாது. துணி மடிக்க உட்கார்ந்தால் மனைவி பிடுங்கிக்கொள்வார். "உங்க கை பட்டா சேலை நூல்நூலா வந்துடும். தள்ளுங்க."

போகிற இடமெல்லாம் நாற்காலிக் கால்களைத் தடவிப் பார்ப்பதும் அவர் பழக்கம். ஒருமுறை வைத்தியர் அறைக்கு வெளியே முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து விரல் ஓட்டிக்கொண்டிருந்தார். முறை வந்ததுகூடத் தெரியவில்லை. ஒரு வரி தட்டுப்பட்டால் போதும், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கடைஞ்சவனக் கேட்டா மரம் சரியில்லம்பான்" என்று முக்காலிக்குச் சொந்தக்காரரிடமே சொல்வார்.

பட்டறையில் அப்போது இரண்டு லேத்துகள். ஒன்று அவருடையது. இன்னொன்று மச்சினனுடையது. மனைவியின் தம்பி, அவரைவிடப் பதினைந்து வயது இளையவன், காதில் எப்போதும் ஒரு பென்சில், பேச்சு குறைவு. அவன் ஆரம்பத்திலிருந்தே ஸ்டெடி வைத்துத்தான் கடைந்தான். அதை அவனே செய்துகொண்டான். "என்ன, குழந்தை நடக்குதா?" என்று இவர் தினமும் கேட்பார். அவன் சிரித்துக்கொண்டு, "நடக்குது மாமா, விழாம நடக்குது" என்பான். அவனுடைய கால்களில் வரி விழுந்து யாரும் பார்த்ததில்லை. அதை இவர் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

இரண்டு பேரும் கடைந்ததை ஒரே கட்டாகக் கட்டி அனுப்புவார்கள். யார் கடைந்தது என்று தெரிய அடிக்கட்டையில் பென்சில் கோடு இருக்கும். இவருக்கு ஒரு கோடு, மச்சினனுக்கு இரண்டு. பொருத்தும்போது அந்த நுனியை அறுத்துவிடுவதால் வெளியார் கண்ணில் படாது. இந்தக் கோட்டை வேண்டுமென்று கேட்டு வாங்கியவர் மாடிப்படி வேலை செய்யும் தச்சர். கைப்பிடிக்குக் கீழே வரிசையாக நிற்கும் கால்களை அவர் வருஷக்கணக்காக இவர்களிடம்தான் கடைய விட்டுவந்தார்.

போன வருஷம் ஒருநாள் மத்தியானம் தச்சர் பதினொரு கால்களைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். பதினொன்றின் நடுவிலும் சுருள் வரி. பொருத்துவதற்கு முன் எண்ணெய் பூசிய பிறகுதான் தெரிந்ததாம். "வீட்டுக்காரரு என் மூஞ்சியில காறித் துப்பாத குறைதான். அடியக்கூடப் பார்க்கல, அப்படியே அள்ளிட்டு வந்தேன். யாரோட கை இது?"

உள்ளங்கைக்காரருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அந்த மாதம் அவருடைய இடது கட்டைவிரல் மூட்டு வலிக்க ஆரம்பித்திருந்தது. கை தளர்ந்ததை மரம் எழுதி வைத்திருந்தது. "ரெண்டு பேருந்தானே கடைஞ்சோம். பார்க்கணும்" என்றார். சொல்லிவிட்டு அவர் மச்சினனைப் பார்த்தார். பொய் ஒன்றும் சொல்லவில்லை, வெறுமனே பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத் தச்சரின் போன் அடித்தது. அவர் வாசலுக்குப் போனார். மச்சினன் ஒரு காலை எடுத்து அடியைத் திருப்பினான். ஒரு கோடு. அடுத்ததைத் திருப்பினான். ஒரு கோடு. மாமாவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து, பதினொன்றிலும், இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டான். அவசரமில்லாமல், கணக்குப் பிள்ளைபோல, ஒவ்வொன்றாக. உள்ளங்கைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். 'டேய், வேண்டாம்' என்று சொல்ல எத்தனையோ நேரம் இருந்தது.

தச்சர் திரும்பிவந்து ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு கோடு. அப்ப தம்பிதான்." மச்சினன், "நான் திரும்பக் கடைஞ்சு தர்றேங்க" என்றான். தந்தான். தச்சர் போனபிறகு அவன் இவரிடம் சொன்னது ஒரே வார்த்தை. "உங்க பேரு பெருசு மாமா. எனக்கென்ன."

அடுத்த மாதம் அவன் தன் லேத்தைக் கழற்றி, தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அது நின்ற இடத்தில் தரையில் நான்கு போல்ட் ஓட்டைகள் இருக்கின்றன. உள்ளங்கைக்காரர் பெருக்கும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார். மச்சினன் இப்போது கடைவது பம்பரமும் கதவுக் குமிழும். நீளமான வேலை எதுவும் அவனைத் தேடிப் போவதில்லை. தச்சர் போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவதும் நின்றது. மனைவி இன்னமும் பழக்கத்தில் ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வைக்கிறார். பிறகு சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோகிறார். "எங்கூடப் பொறந்தவன் உங்களுக்கு என்னங்க தப்பு பண்ணான்?" என்று ஒருநாள் கேட்டார். "ஒண்ணும் பண்ணல" என்றார் இவர். உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். அது இவருக்கு வேலையின் உருவத்தில் வந்தது. தச்சர் இந்த வருஷம் பெரிய வீடு ஒன்றுக்கு அறுபத்துநான்கு கால் கேட்டார். முன்பைவிட ஒரு சாண் நீளம், விரல் பருமன் குறைவு. "உங்க கையை நம்பித்தான் ஒத்துக்கிட்டேன்" என்றார். முதல் மூன்று கால் வரி விழுந்து அடுப்புக்குப் போயிற்று. நான்காவதில் கட்டைவிரல் மூட்டு விட்டே போயிற்று.

மறுநாள் ஊரின் இன்னொரு கோடியில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கருவிக் கடைக்குப் போனார். ஸ்டெடி இருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "யாருக்குங்க?" என்றான் கடைக்காரன், சும்மா பேச்சுக்கு. "நம்ம மச்சினனுக்கு. கை இன்னும் திருந்தல" என்று வாயில் வந்துவிட்டது. கடைக்காரன் எடுத்து வைத்தது இரும்பு லேத்துக்கானது. சக்கரத்துக்குப் பதில் பித்தளை விரல்கள். அவனே நேர்மையாக, "மரத்துக்கு ஆகாதுங்க, கருக்கிடும்" என்றான். பொருளும் கிடைக்கவில்லை, மச்சினன் மேல் போட்ட பழி மட்டும் இன்னொன்று ஏறியது. வெளியே வந்து தெருவைக் கடக்க மனமில்லாமல் வெகுநேரம் நின்றார்.

பிறகு செய்துகொள்வது என்று முடிவெடுத்தார். சக்கரத்துக்காக, குழந்தைகள் காலில் மாட்டி ஓடும் ரோலர் ஸ்கேட் ஒரு ஜோடி வாங்கினார். "பேத்திக்கா?" என்றாள் கடைப்பெண். "ஆமா" என்றார். கல்யாணமே ஆகாத மகன் மூலம் அவருக்கு அன்றைக்கு ஒரு பேத்தியும் பிறந்துவிட்டாள். பிளைவுட்டை வளைத்து அறுத்து, நாடாவால் மூன்று தடவை அளந்து, சக்கரங்களைப் பொருத்தினார். மாட்டினால் மரம் முதுகு வளைத்தது. நடுமையம் ஒரு நூல் தப்பு. மறுபடி அளந்தார், மறுபடி தப்பு. பலகையும் கையுமாக நின்றபோதுதான் மச்சினன் எப்போதோ சொன்னது காதில் விழுந்தது. "அளக்காதீங்க மாமா. பலகைய முனையில வச்சு அழுத்துங்க. மெஷினே எடத்தக் குத்திக் காட்டும்." அன்றைக்கு இவர் தெருவே கேட்கச் சிரித்திருந்தார். இப்போது பலகையை லேத்தின் கூர்முனையில் வைத்து அழுத்தினார். ஒரு சின்னப் புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளியிலிருந்து செய்தது சரியாக உட்கார்ந்தது.

முதல் கால் கண்ணாடிபோல வந்தது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்று சக்கரங்களும் மரத்தை அணைத்துக்கொண்டு நிற்க, வேலையில்லாத இடது கை எங்கே போவது என்று தெரியாமல் தொடைமேல் கிடந்தது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. மச்சினன் பெயரைக் கெடுத்து வந்த வேலையை, மச்சினனின் வழியிலேயே செய்துகொண்டு, அதையும் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் அடுத்த செருப்புச் சத்தத்துக்குக் கை சாக்கைத் தேடியது.

நேற்று வந்த செருப்பு தச்சருடையது. சாக்கு ஏறியது, கை அதன்மேல் ஊன்றியது. தச்சர், முடிந்த நாற்பது கால்களில் ஒன்றை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"கைன்னா இதுதான் கை. பள்ளிக்கூட வராந்தா ஒண்ணுக்கு நூறு கால் வேணுமாம். கட்டுறவரு உங்க மச்சினனுக்குக் குடுக்கலாமான்னு எங்கிட்ட கேட்டாரு. வேணவே வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"என்னண்ணே ஏன்ங்கறீங்க? அந்தப் பதினொண்ணு மறந்து போச்சா? சொந்தக்காரன்னு மூடி மறைக்காம அன்னிக்கு நின்னீங்க பாருங்க, அந்த நாணயத்துக்குத்தான் நான் உங்களத் தேடி வர்றது."

உள்ளங்கைக்காரர் சாக்கின்மேல் ஊன்றியிருந்த கையைப் பார்த்தார். அதன் கீழே சக்கரம் ஒன்று புடைத்துக்கொண்டு தெரிந்தது. அவர் சாக்கை இழுத்துத் தரையில் போட்டார்.

தச்சர் குனிந்து பார்த்தார். "அட, தம்பி தன்னோடத விட்டுட்டுப் போயிட்டானா?"

"இல்ல. நான் செஞ்சது. நீங்க கையில வச்சிருக்கறது இதுல கடைஞ்சது. நாப்பதும் இதுலதான்."

"சரி, வயசாகுதில்ல. இதுல என்ன இருக்கு?" என்று தச்சர் சிரித்தார்.

உள்ளங்கைக்காரர் சிரிக்கவில்லை. "அந்தப் பதினொண்ணு..." என்று ஆரம்பித்தார். லேத்துக்குப் பின்னால் சுவரோரம் கைவிட்டுத் துழாவி ஒரு பழைய காலை எடுத்தார். நடுவில் சுருள் வரி. அந்தப் பதினொன்றில் பத்தை விறகாக்கிவிட்டு, எரிக்கவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் ஒளித்து வைத்திருந்த ஒன்று. அடிக்கட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். இரண்டு கோடுகள். ஒன்று அழுத்திப் போட்ட பட்டையான கோடு. பக்கத்தில் இருந்தது வேறு பென்சில், வேறு கை. மெல்லியது, சற்றே சாய்ந்தது.

ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து இரண்டாக மடித்தார். கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை, காலைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, முதல் கோட்டில் படாமல், அந்த மெல்லிய கோட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். தூளை ஊதினார். பிறகு, ஒற்றைக் கோடு மேலே தெரியும்படி, இரண்டு கையாலும் தச்சரிடம் நீட்டினார்.