ரிஃப்அத் மறைத்த பெயர்

அலெக்ஸாந்திரியாவில் முஹர்ரம் பே பக்கம் அலுமினிய ஜன்னல் போட்டவர்களில் பாதிப் பேருக்கு ரிஃப்அத்தைத் தெரியும். அவன் பட்டறையை ஒட்டிய கண்ணாடிக் கடை என்னுடையது. இருபத்திரண்டு வருஷம் அவன் சட்டம் அறுத்தான், நான் கண்ணாடி வெட்டினேன்.

அளவெடுப்பதில் கெட்டிக்காரன், எழுதுவதில் என்னைவிட மோசம். சிகரெட் அட்டையில் கிறுக்கி வருவான். எங்கள் அரபு எழுத்தில் இரண்டும் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மறுநாள் எது எது என்று அவனுக்கே தெரியாது. ஒரு பல் டாக்டர் வீட்டில் பதினோரு ஜன்னல் இப்படித்தான் பாழாயின. அதற்கப்புறம் அவன் மனைவி, ஷரீஃபின் அம்மா, பொறுப்பை எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் அட்டையைப் பிடித்துக்கொண்டு அவனைக் கேட்டுக் கேட்டு, அளவுகளைப் போனில் பேசிப் பதிவு செய்வாள். அது கிளவுடுக்குப் போய்விடும். அவள் வாயில் அது மேகம். மேகத்தில் போட்டாச்சு, காலையில் இறக்கிக்கொள் என்பாளாம்.

காலையில் பட்டறையில் அந்தக் குரல் கேட்கும். சமையலறை, நூற்றிருபதுக்குத் தொண்ணூறு. நடுவில் பால் பொங்கும், ஷரீஃபைத் திட்டுவாள், ரொட்டி வாங்கி வரச் சொல்வாள். எல்லாம் அளவோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். அந்தக் குரலை நம்பித்தான் நானும் வெட்டினேன். அவளை நேரில் பார்த்தது நாலைந்து முறை இருக்கும்; பெயர் இன்றுவரை தெரியாது.

அவள் இறந்த பிறகு ரிஃப்அத் பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டபடி டீ குடிப்பான். போன வருஷம் கடற்கரைச் சாலையில் எட்டாவது மாடியில் வேலை செய்யும்போது போன் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. புதுப் போன் கடவுச்சொல் கேட்டது. நினைவில்லை. அப்படியென்றால் உன் தாயின் பெயரைச் சொல் என்றது. மூன்று வாய்ப்பு.

"அளவெல்லாம் போகட்டும். அவ குரல் வேற எங்கயும் இல்ல," என்றான்.

எங்கள் ஊரில் ஒருவனின் தாய் பெயர் தெருவுக்குத் தெரிந்தால், சாகிறவரை அதை வைத்தே கேலி செய்வார்கள். அந்தக் கிளவுடு கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவன் போன் கடை நாதிர். கடையில் ஆறு பேர் நிற்கும்போது அம்மா பெயர் என்ன என்று சத்தமாகக் கேட்டானாம். ரிஃப்அத் அப்போது எதையோ சொல்லித் தப்பித்தான். எதை என்று இப்போது ஞாபகமில்லை.

எதிர்க் காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். அவன் தடித்த விரலுக்கு எழுத்துகள் சிக்காது. நான்தான் தட்ட வேண்டும். முதலில் அத்தை பெயரைச் சொல்லிப் பார்த்தான். தப்பு. அப்புறம் சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, சாதாரணக் குரலில், "ஸெக்கிய்யா," என்றான்.

தாயக்கட்டை உருட்டியவன் கை நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

அதுவும் தப்பு.

நாதிர் குவைத்துக்குப் போய் ஐந்து வருஷமாகிறது. அவன் தம்பி எங்கள் தெரு நாவிதன். ஓடிப்போய் எண் வாங்கி வந்தேன். என் போனில் ஸ்பீக்கரைப் போட்டு ரிஃப்அத் விஷயத்தைச் சொன்னதும் நாதிர் சிரித்த சிரிப்பு காப்பிக்கடைக்கே கேட்டது.

"அதை எப்படி மேஸ்திரி மறப்பேன்? அம்மா பேரு கேட்டேன், 'உனக்கெதுக்கு'ன்னு முறைச்சீங்க. திரும்பக் கேக்கப் பயம். அதையே எழுதிட்டேன்."

"கழுதை. அங்கயே அடிச்சிருக்கணும் உன்னை."

"இப்ப அடிங்க மேஸ்திரி, குவைத்துக்குக் கை நீளுமா? சேத்து எழுதணும், நடுவுல இடம் விடாதீங்க."

சேர்த்துத் தட்டினேன். திறந்தது. தேதி தேதியாகப் பதிவுகள் இறங்கி வந்தன. ரிஃப்அத் கையை அங்கியில் துடைத்துக்கொண்டு ஒன்றைத் தொட்டான்.

"கடல் பக்கத்து வீடு, ஆறு ஜன்னல். வலது ஓரம் ரெண்டு விரக்கடை கம்மி, கேட்டுக்க. வீட்டை ஏன்தான் இப்படிக் கோணலாக் கட்டறாங்களோ."

"அந்த வீட்டை இடிச்சு மூணு வருஷம் ஆச்சு," என்றான் ரிஃப்அத்.

ஆறு ஜன்னலும் முடியும்வரை கேட்டான். பிறகு அடுத்ததைத் தொட்டான்.