என் கிண்ணத்தில் வந்த குல்ஃபி

"ப்யூர் வெஜிடேரியன் மேடம்" என்றான் அவன். ஐஸ்கிரீமில் கோதுமை ஏதாவது சேர்க்கிறீர்களா என்று நான் கேட்டிருந்தேன். மறுபடி கேட்டேன். சுத்த சைவம்தான், சந்தேகமே வேண்டாம் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். ஐஸ்கிரீம் டப்பாவில் அச்சடித்திருந்த கம்பெனி எண்ணுக்கு நான் பேசிய லட்சணம் அது.

தொண்ணூறுகளின் கடைசி. கணவரின் வங்கி எங்களைக் கல்கத்தாவுக்குத் தூக்கியடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் முதல் மாடியில் குடியிருந்தோம். என் மகளுக்கு ஆறு வயது, நாலு வயதுப் பிள்ளையின் எடை. வயிறு மட்டும் உப்பியிருக்கும், கை கால் குச்சி, ஓயாத வயிற்றுப்போக்கு. ஒரு வருடம் பூச்சி மருந்தாகக் கொடுத்து அலைக்கழித்த பிறகுதான் ஒரு டாக்டர் சீலியாக் என்று சொன்னார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் அவள் குடலை அரிக்கிறது, ஆயுசுக்கும் அது துளிகூட உள்ளே போகக் கூடாது என்றார்.

"நீங்க மதராஸிங்க, அரிசிதானே சாப்பிடுறீங்க, என்ன கஷ்டம்?" என்று கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. எங்களவர்கள் அதைவிட மோசம். விரதமோ பத்தியமோ, எங்கள் வீடுகளில் முதலில் தள்ளுவது அரிசிச் சாதத்தைத்தான். அடுத்த தெரு மாமி ஒருத்தி சாப்பிடக் கூப்பிட்டாள். "கொழந்தைக்குப் பத்தியம்னு சொன்னியே, அதான் சாதமே வைக்கலை. ரவா உப்புமா பண்ணிட்டேன்" என்று பெருமையாகக் கொண்டுவந்து வைத்தாள். ரவை கோதுமைதான் மாமி என்றேன். "ரவை எப்படிடி கோதுமையாகும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மகள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். பிஸ்கட் போனது, பிறந்தநாள் கேக் போனது, துர்கா பூஜைப் பந்தலில் எல்லோரும் தின்னும், மைதா ரொட்டியில் சுருட்டிய ரோல் போனது. ஐஸுக்குத்தான் அழுதாள். வெயில் தாழ்ந்ததும் கட்டடத்துப் பிள்ளைகள் கேட்டருகே ஐஸ் சப்பிக்கொண்டு நிற்பார்கள். இவள் பால்கனிக் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்ப்பாள். கடையில் கப்பில் வாங்கினால் மேலே ஒரு வேஃபரைச் செருகித் தருவார்கள். வேண்டாமென்றால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே கப்பை நீட்டுவார்கள். கோனைத் தொட்ட கையாலேயே அடுத்த ஐஸ்கிரீமை வழிப்பார்கள். நான் சண்டை போடாத கடை அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

கடைசியில் குல்ஃபிக்காரர் ஒருவர் அகப்பட்டார். தலையில் பானையைச் சுமந்து வரும் பீகார்க்காரர். பால்கனியில் நின்றபடியே இந்தியில் விசாரித்தேன். பால், சர்க்கரை, பிஸ்தா, ஏலக்காய் என்றார். பிரெட் தூள்? இல்லை. மைதா? இல்லை. சத்தியமாக? சத்தியமாக உள்ளே வேறு எதுவும் இல்லை என்றார். அந்த ஊரில் மாடி வீட்டுக்காரர்கள் கயிற்றில் பையை இறக்கித்தான் காய்கறி வாங்குவார்கள். நானும் பையில் பணத்தோடு நானே தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து இறக்கினேன். இலையில் வேண்டாம், இதில் போடுங்கள் என்றேன். என் கிண்ணம், என் ஸ்பூன். ஊரையே ஜெயித்துவிட்ட திமிர் எனக்கு. மகள் தினமும் ஒரு குல்ஃபி சாப்பிட்டாள்.

ஒரு மாதத்தில் வயிற்றுப்போக்கு திரும்பியது. எங்கேயோ கோதுமை போகிறது, அடுத்த தடவையும் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

யாரைப் பிடிப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. கீழ்வீட்டில் ஒரு வங்காளி அம்மாள் தனியாக இருந்தார். வங்காளிப் பிள்ளைகள் பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல் மாஷிமா, மாஷிமா என்று மகள் மத்தியானங்களில் அங்கே போய்க் கார்ட்டூன் பார்ப்பாள். அவர் மேஜையில் பிஸ்கட் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். மாடிப்படியில் அவரை வழிமறித்து, "என் குழந்தைக்கு விஷம் வைக்கிறீங்க" என்று இந்தியில் கத்தினேன். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. நான் எதுவும் கொடுத்ததில்லை என்று அவர் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகளிடம் இனி அங்கே போகக் கூடாது என்றேன். அழுதாள், அடித்தேன். அழுகையை நிறுத்த அன்று மாலை குல்ஃபி வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த தடவை எடை இன்னும் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஆட்டோவிலிருந்து இறங்கினால் கேட்டில் குல்ஃபிக்காரர் நிற்கிறார். முதல் தடவையாக அவர் பக்கத்தில் போய் நின்றேன். பானை நிறைய உப்புப் போட்ட ஐஸ். அதற்குள்ளிருந்து ஒரு தகர அச்சை எடுத்தார். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்க மூடியைச் சுற்றிப் பிசைந்த மாவை அப்பியிருந்தார். கட்டைவிரலால் அதைச் சுரண்டினார். மூடியைத் திறந்தார். அதே விரலால் குல்ஃபியை நெம்பி வெளியே தள்ளினார்.

"அது என்ன மாவு?" என்றேன்.

"கோதுமை மாவுதான்."

"நான் கேட்டேனே."

"உள்ளே என்ன போடுறேன்னு கேட்டீங்க. இது மூடிக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். இரண்டு மாதமாகக் கோதுமையைக் கயிறு கட்டி மேலே தூக்கி என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன்.

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மாஷிமாவின் கதவைத் தட்டினேன். தப்பு என்மேல்தான் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காள மொழியில் சொன்னேன். அவர் கதவைப் பாதிதான் திறந்திருந்தார்.

"அன்னிக்குக் கட்டடமே கேக்கத்தானே கத்தினே. இதை மட்டும் ஏன் காதுக்குள்ளே சொல்றே?" என்றார்.

இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டால் இதுதான் மரியாதையா என்று எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. ஆனாலும் மாடிப்படியில் போய் நின்று, குழந்தைக்கு விஷம் வைத்தது நான்தான், இவரில்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேலே இரண்டு கதவுகள் திறந்தன. மகள் என் கையை உதறிவிட்டு மாஷிமாவின் வீட்டுக்குள் போய்விட்டாள்.