தலைதட்டாத கைக்கு ஒரு தோட்டாப் படி

அலைகரையில் மணலுருவாய் அமர்ந்து, வந்தவர் வினையை அளந்து பாராமல் வாங்கிக்கொள்ளும் இராமேசுவரத்து ஈசன் திருவடி துணை. கார்த்திகைச் சோமவாரமாகிய இந்நன்னாளில் இதை எழுதத் தொடங்குகிறேன்.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் எங்களுக்கு வயல்கள். கதிர் பால்பிடிக்கையில் காட்டுப்பன்றிகள் இறங்கும். அவற்றுக்காக என் தமையனார் உரிமம் பெற்ற பழைய ரைபிள் ஒன்று வைத்திருந்தார். அதற்குரிய தோட்டா கடைகளில் அருகிப்போனதால், சுட்ட பித்தளைக் கூட்டிலேயே வெடிமருந்தும் ஈயக் குண்டும் மறுபடி அடைப்பார். மருந்தை முகக்க, கீழக்கரைக் கடலோரத்தில் எடுத்த அகன்ற சிப்பி ஒன்று வைத்திருந்தார்.

ஒரு பருவத்தில் கூடு துப்பாக்கிக்குள்ளேயே பிளந்தது. பின்வழியே சீறிய புகை அவர் வலக் கன்னத்தைச் சுட்டது. மதினி என்னிடம் வந்து ஒன்றுதான் சொன்னார்: “தம்பி, அடுத்தது கண்ணுதான்.”

தட்டாரிடம் தராசு இரவல் வாங்கி, குன்றிமணியை எடையாக இட்டு, தமையனார் முகந்தவற்றை நிறுத்தேன். ஒன்று போல் ஒன்று இல்லை; சில அளவுக்கு மிஞ்சியிருந்தன. காரணம் எளிது. களத்தில் கூலி நெல் அளக்கும்போது மரக்காலைக் குவித்தே அளப்பது எங்கள் குடும்ப வழக்கம். விளிம்போடு வழித்துத் தலைதட்டி அளந்தால் திருமகள் நீங்குவாள் என்பது நம்பிக்கை. அந்தக் கை மருந்தையும் குவித்தது.

பித்தளைக் கூடு ஒன்றை அரத்தால் அறுத்து, கம்பிப் பிடி பற்றவைத்து, சிறு படி செய்தேன். தலைதட்ட மூங்கில் சிம்பு ஒன்றும் சீவிக் கொடுத்தேன். சிம்பை அவர் ஒதுக்கி வைத்தார்.

“ஏலே, தலையத் தட்டுற கை நம்ம வீட்டுக் கையாடா?”

“பன்னிக்குமாண்ணே குவிச்சு அளக்குறீக?”

“வாங்குறது யாரா இருந்தா என்ன. அளக்குற கை ஒண்ணுதானே.”

நானும் அவ்வாறே வளர்ந்தவன். குவியலுக்கு இடம்விட்டுப் படியைக் குட்டையாக அறுத்துப் பார்த்தேன். குவியல் முகக்குந்தோறும் மாறியதால் தராசு இசையவில்லை. கை மாறாதென்றால் படியின் வாய்தான் மாறவேண்டும் என்று அப்போது தோன்றியது.

தட்டார் கழித்துப்போட்ட ஊதுகுழலில் ஒரு துண்டு அறுத்தேன். அடியை ஈயத்தால் அடைத்தேன். கடையில் வாங்கியதில் மீந்திருந்த தோட்டா ஒன்றைப் பிரித்து, அதன் மருந்தோடு எடை ஒக்கும்வரை வாயைச் சிறிது சிறிதாக அராவினேன். சுண்டுவிரல் நுழையாத வாய் அது. தமையனார் வழக்கம்போல் குவித்தார். மருந்து நிற்க இடமின்றிச் சரிந்தது. மறுபடி குவித்தார். மறுபடியும் சரிந்தது.

“கருமிப்பயலா இருக்கானே இவன்” என்று படியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதைக்கொண்டே மருந்தை அடைத்தார்.

எத்தனை முறை நிறுத்தும் தராசின் முள் நடுவிலேயே நின்றது. மறுநாள் மண்மேட்டை நோக்கிச் சுட்டுப் பார்த்தார். கூடு பிளவின்றி, தடையின்றி வெளிவந்தது. மதினி அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உலைவைக்கப் போனார். அந்த அறுவடையிலும் கூலி நெல்லைத் தமையனார் குவித்தே அளந்தார்.

இதைப் படிக்கும் அனைவரின் களத்திலும் மரக்கால் குவிந்தே நிற்கட்டும். அவர்கள் கண்ணுக்கு ஈசன் காவலாகட்டும்.