இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் அடைபட்டவள்

1967ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அந்தத் தொடர்கதை முடிந்தது. பகைவன் வீழ்ந்தான், கோட்டை மீண்டது, இளவரசனுக்குக் கல்யாணம் நடந்தது. சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் ஐம்பத்திரண்டு வாரம் ஓடிய சரித்திரக் கதை. காஞ்சிபுரத்தின் ஒரு பட்டு நெசவு வீட்டில் அதை வாராவாரம் உரக்கப் படித்தவள் தில்லையம்மாள். வயது முப்பத்தாறு, படிப்பு எட்டாவது வரை. கணவர் மயில்வாகனமும் அவருடைய தம்பி குமாரவேலும் இரண்டு தறிகளையும் நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

'முற்றும்' என்று படித்த பிறகும் அவள் பத்திரிகையை மூடவில்லை.

"அப்போ கொற்றி?"

"எந்தக் கொற்றி?" என்றான் குமாரவேல்.

"அரமணையில வெளக்கு ஏத்தறவ. மந்திரி பேசினத ஒட்டுக் கேட்டான்னு இருவத்தி மூணாவது வாரத்துல நெலவறையில போட்டுப் பூட்டினாங்களே. தொறந்து வுடவே இல்லையே!"

"மறந்துட்டாரு போல" என்றார் மயில்வாகனம்.

கதை எழுதுகிறவருக்கு மறதி சகஜம். ஐம்பத்திரண்டு வாரம், நாற்பது பாத்திரங்கள். ஆனால் கொன்றிருந்தால் கொற்றிக்கு ஒரு முடிவாவது கிடைத்திருக்கும். மறந்ததால் அவள் பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருக்கிறாள். தில்லையம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை. பத்திரிகைக்கு இரண்டு தபால் கார்டு போட்டாள். பதில் வரவில்லை. புரட்டாசியில், "நானே அவள வெளிய கொண்ணாந்துடறேன்" என்று அறிவித்தாள்.

குமாரவேல் சிரித்தான். "ஒரு பக்கம் போதும் அண்ணி. கதவு தொறந்துது, கொற்றி வந்தா, முற்றும்."

"எப்டித் தொறக்கும்? சாவி கோட்டைத் தலைவன் இடுப்புல இருந்துது. அவன் முப்பதாவது வாரம் அகழியில முழுகிட்டான். வேற சாவி கெடையாதுன்னு அவரே எழுதிக்கீறாரு."

"எழுதினவரே மறந்தத நீங்க ஞாபகம் வெச்சிக்கினு இருக்கப் போறீங்களா?"

"ஆமா."

ஆசிரியர் எழுதியதில் ஒரு வரியையும் மாற்றக் கூடாது. இது அவள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி. எதை வேண்டுமானாலும் நடத்தலாம் என்று ஆகிவிட்டால், கொற்றி வெளியே வருவதும் வராததும் ஒன்றுதான். தில்லையம்மாள் இதை இப்படி விளக்கியிருக்க மாட்டாள். "சாவிய நானா உண்டாக்கினா அது ஏமாத்து" என்று மட்டும் சொன்னாள்.

மயில்வாகனம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். மைப் புட்டி தறிப் பக்கம் வரக்கூடாது. பட்டில் ஒரு சொட்டு விழுந்தால் புடவையே போயிற்று. ஆகவே அவள் பென்சிலில் எழுதினாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நூல் சுற்றும் ராட்டையின் பக்கத்தில், மடியில் நாற்பது பக்க நோட்டு. ஒரு கண்டு நூல் சுற்றி முடித்தால் அரைப் பக்கம் எழுதுவாள். பென்சில் கரி பட்டில் ஒட்டாதபடி, எழுதிய கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மறுபடி நூலைத் தொடுவாள். ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தடவை கழுவியதில் விரல்கள் வெடித்தன. தேங்காயெண்ணெய் தடவலாம் என்றால் எண்ணெயும் பட்டுக்கு ஆகாது. வெடிப்போடுதான் எழுதினாள்.

அந்த நோட்டுகளை நான் படித்திருக்கிறேன். சிறந்த எழுத்து என்று சொல்ல மாட்டேன். நிலவு, மாலைப் பொழுது வருணனைகள் அந்த ஆசிரியரிடமிருந்து அப்படியே எடுத்தவை. ஆனால் நிலவறை அவளுடையது. அதன் ஈரச் சுவரைத் தொட்டால் விரலில் ஒட்டும்.

அடுத்த சித்திரைக்குள் பன்னிரண்டு அத்தியாயங்கள் ஆகியிருந்தன. கொற்றி தன் புடவையின் கரையிலிருந்து சரிகையை இழை இழையாக உருவி, கதவடியில் சோறு தள்ளுகிற காவலாளிக்கு நாளுக்கு ஒரு முழம் லஞ்சமாகக் கொடுக்கிறாள். சரிகை அறாமல் வர எந்த ஊடையை, அதாவது குறுக்கு நூலை, முதலில் தளர்த்த வேண்டும் என்பதற்கே ஓர் அத்தியாயம். அண்ணன் தம்பி இருவருக்கும் அது மிகவும் பிடித்துவிட்டது. "வெள்ளி ஜாஸ்தி போட்ட சரிகையா இருக்கணும் அண்ணி, அப்பத்தான் காவக்காரன் மயங்குவான்" என்று குமாரவேல் யோசனை வேறு சொன்னான்.

பன்னிரண்டாவதைப் படித்த அன்று, முசரவாக்கத்திலிருந்து பால் கொண்டுவரும் செல்லியம்மாள் நிலைப்படியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"ஏம்மா, வெளக்கு ஏத்தறவளுக்குச் சரிகைப் பொடவை ஏது?"

தில்லையம்மாள் நோட்டைத் திருப்பி முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"நான் வுடிஞ்சா பொழுது போனா பால் ஊத்தறேன். எனக்கு ஒரு பட்டு இருக்குதா? எண்ணெயிலயும் கரியிலயும் வேல செய்றவ சரிகை கட்டிக்கினா போவா?"

அந்த வீட்டில் வருஷத்துக்கு இருபது பட்டுப் புடவை நெய்து வெளியே போகும். தில்லையம்மாளுக்குச் சொந்தமாக இருந்தது ஒன்று, கல்யாணப் புடவை. இருந்தும் கதையில் ஒரு பெண் என்றதும் அவள் மீது தானாகச் சரிகைக் கரை வந்து ஏறிவிட்டது. மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. நாள் முழுவதும் கண் முன்னால் இருப்பதை உலகம் முழுவதும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம்.

"ராணி குடுத்தான்னு ஒரு வரி போட்டுடுங்க" என்றான் குமாரவேல்.

"ராணி குடுக்கல. ஒம்பதாவது வாரத்துல கொற்றி அழுக்குச் சீலையோட வந்தான்னு அவரு எழுதிக்கீறாரு. நான்தான் பாக்கல."

சரிகை இல்லை என்றால் லஞ்சம் இல்லை, லஞ்சம் இல்லை என்றால் பன்னிரண்டு அத்தியாயமும் இல்லை. நோட்டுகளைக் கட்டிப் பரண்மேல் போட்டாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் வேலை எதிலும் மனம் ஓடவில்லை. விடிகாலையில் பால் சொம்பை வெளியே வைக்கக்கூட மறந்தாள்.

மூன்றாம் நாள் செல்லியம்மாள் நேரே சமையலறைக்கே வந்துவிட்டாள். "இன்னாமா, ரெண்டு நாளா சொம்பு வெக்கல? ஒடம்புக்கு எதுனா ஆயிடுச்சோன்னு பாக்க வந்தேன். நான் சொன்னதுக்குக் கோவமா?"

"கோவம் இல்ல செல்லி" என்றவள் அப்படியே நின்றாள். பிறகு அவசரமாகக் கேட்டாள். "சொம்பு இல்லன்னா ஆள் கேட்டுக்கினு வருவியா?"

"வராம? பாலு மிஞ்சுதே எனக்கு."

செல்லியம்மாள் போனதும், தைத்து வைத்திருந்த தொடர்கதையைத் தில்லையம்மாள் எடுத்தாள். முப்பத்தோராம் அத்தியாயத்தில் இளவரசன் பகைவர் கண்ணில் படாமல் அரண்மனைக்குள் நுழைகிறான். 'மேற்குத் தாழ்வாரம் ஏனோ இருண்டு கிடந்தது' என்று இருந்தது. ஏனோவாம்! விளக்கு ஏற்றுகிறவளை அடைத்துவிட்டால் இருண்டுதானே கிடக்கும். இளவரசன் வென்றதே அந்த இருட்டால்தான். மேற்குத் தாழ்வாரத்து எண்ணெய்ச் சாடி நிறைந்தபடியே இருக்கும். எண்ணெய் ஊற்ற வரும் வாணியப் பெண் ஒரு நாள், எரிக்கிறவள் எங்கே என்று கேட்காமல் இருப்பாளா?

முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி எழுதினாள். இந்தத் தடவை கொற்றி உடுத்தியிருந்தது நைந்த பருத்திச் சேலை.

வாணியப் பெண் நிலவறை வரைக்கும் வந்துவிட்டாள். கதவு மட்டும் நின்றது. கதை நான்கு மாதம் அங்கேயே நின்றது. தில்லையம்மாள் ஒரு நாள் பக்கத்துக் கோயிலுக்குப் போய்ப் பெரிய கதவை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே காவல் வேலை பார்க்கும் தனசேகரன் வந்தார்.

"சாமி அந்தாண்ட இருக்குதும்மா. நீ இன்னா கதவையே சுத்திக்கினு இருக்கிற?"

"பூட்டின கதவு, சாவி தொலைஞ்சுபோச்சு. எப்டிங்க தொறப்பீங்க?"

"எந்த ஊட்டுக் கதவு?"

"எங்க ஊட்டுது இல்ல. ஒருத்தி உள்ள மாட்டிக்கினா."

அவர் பதறிப்போனார். "எப்போ?"

"எட்டு மாசம் ஆவுது. கதையில."

தனசேகரன் ஒரு முறை முறைத்தார். ஆனாலும் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. குனிந்து கதவின் அடியைக் காட்டினார். "இந்தக் காலத்துக் கீல் இல்லம்மா இது. கீழ ஒரு குடுமி, கல்லுக் குழியில நின்னுக்கினு சுத்துது. துரு ஏறியிருந்தா எண்ணெய ஊத்தி ஊற வுடணும். அப்புறம் கடப்பாரையால நெம்பினா குடுமி குழிய வுட்டு வந்துடும். பூட்டு பாட்டுக்கு அந்தப் பக்கம் பூட்டினபடியே இருக்கும்."

ஆசிரியர் எழுதிய எந்த வரிக்கும் அது மாறாக இல்லை. எண்ணெய் வாணியப் பெண்ணிடமே இருந்தது.

1969 ஐப்பசியில் அடைமழை. தறிக் குழிகளில் தண்ணீர் ஊறி வேலை நின்றிருந்த ஒரு காலையில், தன் கதையின் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். போர் முடிந்து காவலாளி ஓடிவிட்டான், மூன்று நாளாகச் சோறு இல்லை. கதவு பெயர்ந்தது. உச்சி வெயிலில் கொற்றி வெளியே வந்தாள்.

"அப்டியே கல்யாணத்துக்கு இட்டுக்கினு போங்க அண்ணி" என்றான் குமாரவேல். "ராஜா எழுந்து நின்னு கும்புடட்டும். ஒரு ஊர எழுதி வெக்கட்டும்."

"அவருக்கு இவ யாருன்னே தெரியாதே, குமாரு. அவரு கல்யாணத்துல அப்டி ஒண்ணும் நடக்கல. இவ பின்வாசல் வழியா போறா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வெளிய வரணும்னுதான் எழுதினேன்."

மயில்வாகனம் நோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எட்டு மாசம் இருட்டுல இருந்தவ. உச்சி வெயில்ல கண்ணு கூசாதா, தில்ல?"

தில்லையம்மாள் கணவரைப் பார்த்தாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த நேரத்தில் செல்லியம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி உள்ளே வந்தாள்.

"மழையில மாட்டிக்கினேன். படிச்சு முடிச்சிட்டீங்களா? வெளிய வந்துட்டாளா அவ?"

"ஒரு நிமிஷம் இரு" என்று தில்லையம்மாள் பென்சிலை எடுத்தாள். வாணியப் பெண் தன் முந்தானையைக் கிழித்துக் கொற்றியின் கண்களை மூடிக் கட்டினாள், கையைப் பிடித்து மெல்லப் படியேற்றினாள், பின்வாசலைத் தாண்டி ஒரு மரத்து நிழலில் நிறுத்திக் கட்டை அவிழ்த்தாள் என்று எழுதினாள். ஒரு தடவை வாய்க்குள் படித்துப் பார்த்தாள்.

"வந்துட்டா" என்றாள்.