குளிரில் கைமாறும் குணம்

சுடலைமுத்துவுக்கு ஓசூர்க் குளிர் ஆகவே ஆகாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூக்கண்டப்பள்ளிக்கு வந்து இரண்டு வருடமாகியும், ஆடிக் காற்று அடித்தால் காதை மூடிக்கொண்டுதான் மருந்துக் கம்பெனிக்குள் நுழைவான். பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன், 1986இல் கெஞ்சிக் கூத்தாடி அங்கேயே ஆய்வுக்கூடத்துக்கு மாறினான். மாதக் கடைசிக்குள் ஒரு சோதனையைச் செய்து காட்டாவிட்டால் மறுபடி அட்டைப்பெட்டிதான் என்று மேலாளர் எல்லப்பன் சொல்லிவிட்டார்.

சோதனை இதுதான். சாக்கடை நீரில் கிடைத்த ஒரு கிருமி, குறிப்பிட்ட ஒரு மருந்துக்குச் சாகவில்லை. அந்தக் குணம் அதனுள் இருந்த ஒரு சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருந்தது. ஒட்டி நிற்கும் வேறொரு கிருமிக்கு அந்த வளையத்தின் நகலை அது கொடுக்குமா? இரண்டையும் ஒரே குழாயில் ஓர் இரவு விட்டு, மறுநாள் இரண்டு மருந்து கலந்த தட்டில் தடவ வேண்டும். ஒரு மருந்து, வளையத்தைக் கொடுப்பவனை மட்டும் கொல்லும். இன்னொன்று வாங்காதவனைக் கொல்லும். வாங்கியவன் மட்டும் பிழைத்துப் புள்ளியாக வளர்வான்.

சுடலைமுத்துவின் தட்டில் ஒரு புள்ளிகூட வரவில்லை. இத்தனைக்கும், தனக்கே இப்படி நடுங்குகிறதே, கிருமி பாவம் என்று குழாய்களை உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்து, கதவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால், குழாய் ஒன்று ஜன்னலோரத்தில் கிடந்தது. கண்ணாடிச் சாமான் கழுவும் நாராயணம்மா முந்தின நாள் அவன் போன பிறகு பெட்டியைத் துடைக்க வெளியே எடுத்தது.

“யக்கா, ராத்திரி பூரா இங்கயா கெடந்துச்சு? வெறச்சுப் போயிருக்கும்லா.”

“மறந்துட்டேம்பா. இந்தக் குளுருக்கெல்லாமா செத்துப்போவும்? நாங்க பொறந்ததுல இருந்து இங்கதான் இருக்கறோம்.”

“ஒங்கள மாதிரி அதுக்கு ராகிக்களியா கெடைக்கு?”

“நீ வந்து ரெண்டு உருண்டை துண்ணு. மொதல்ல உன் நடுக்கம் நிக்கட்டும்.”

தூக்கிப் போட மனசில்லாமல் அதையும் தட்டில் தடவினான். மறுநாள் அந்தத் தட்டில் மட்டும் ரவை சிந்தியதுபோலப் புள்ளிகள்.

எல்லப்பன் நம்பவில்லை. “வேற ஏதாவது கிருமி விழுந்திருக்கும். ஒரு தட்டை வெச்சிக்கிட்டு என்னா சொல்றது?”

சுடலைமுத்து ஒரே கலவையை இரண்டு குழாயில் பிரித்தான். ஒன்று பெட்டிக்குள், ஒன்று ஜன்னலோரம். ஜன்னல் குழாயை விட்டுப் போகக் கால் வரவில்லை. ஒரு துண்டைப் போர்த்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினான்.

தட்டில் தடவிப் பார்த்தபோது பெட்டிக் குழாயிலிருந்து ஒன்றுமில்லை. ஜன்னல் குழாயின் தட்டு முழுக்கப் புள்ளி.

எல்லப்பன் சிரித்துவிட்டார். “வளையத்தை அனுப்பற ஜீனுங்க சூட்டுல மூடிக்குது, குளுந்தா தொறக்குது. சில வளையம் அப்பிடின்னு படிச்சிருக்கறேன், இதுவும் அந்த ஜாதியா இருக்கும்னு எனக்குத் தோணாம போச்சு. நீ நல்லது பண்றேன்னு தெனமும் அதும் வேலையக் கெடுத்திருக்கற.”

“அப்ப அது ஓசூர்க் கிருமிதான் சார்.”

“நீதான் இன்னும் ஆவலை. போ, பேக்கிங்ல கேட்டா வேற ஆள் பாத்துக்கச் சொல்லு.”

சுடலைமுத்து அடுத்த குழாய்களைக் கையில் எடுத்துக்கொண்டு நாராயணம்மாவிடம் போனான்.

“யக்கா, எந்த ஜன்னல்ல வெயிலு பிந்தி வரும்?”