கல்கல் மேஜையில் உலக மதங்கள்

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் உலக மதங்களைப் படிக்கத் தொடங்கியபோது அதிகம் பெருமைப்பட்டது நான்தான். எங்கள் சுரங்க ஊரான கோரமண்டலில் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நாங்கள். பெட்டியில் கீரை ஆய்ந்துகொண்டே பிள்ளைகளின் மார்க்கை அலசுவோம். நான் மார்க்கைத் தாண்டிப் போய்விட்டேன். பார்சிகள் நெருப்பை ஏன் அணையவிடுவதில்லை, சமணர்கள் பொழுது சாய்ந்தபின் ஏன் சாப்பிடுவதில்லை என்று மகள் சொன்னதையெல்லாம் மறுநாள் ரயிலில் என் சொந்தச் சரக்கு போல எடுத்துவிடுவேன். இந்தப் பாடத்தால் பிள்ளைகளுக்குச் சகிப்புத்தன்மையும் யோசிக்கும் திறனும் வளரும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். யோசிக்கும் திறன் எங்கள் வீட்டுக்குள் வந்து வளரும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

உண்மையில் எங்கள் ஊருக்கு இந்தப் பாடமே தேவையில்லை என்றுகூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிற ஒரே வசனம், கேஜில் இறங்கும்போது எவனும் மதம் கேட்டதில்லை என்பது. கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டு. பென்ஷன்காரர்கள், கட்சிக்காரர்கள், கல்யாண வீட்டில் மைக் கிடைத்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். பூமிக்கு அடியில் கேட்கவில்லை, சரி. ஷிப்ட் முடிந்து மேலே வந்து குளித்துத் தலை சீவிய பிறகு கேட்டார்களா என்று எவரும் விசாரிப்பதில்லை.

பக்கத்து வீட்டம்மா சபைக்குப் போகிறவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். டிசம்பரில் அவர்கள் வீட்டு ஸ்டாரை எங்கள் வாசல் கம்பியில்தான் கட்டுவார்கள். கல்கல் போடும் நாளில் நான் போகாமல் அவர் மாவைத் தொடமாட்டார். மைதாவைச் சிறு உருண்டையாக்கி, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரிக்கும் கிறிஸ்துமஸ் பலகாரம் அது. அந்தச் சுருட்டலில் அவரைவிட என் கை சுத்தம். சபைக்காரர்களே என் கல்கலைத்தான் தேடி எடுப்பார்கள்.

இத்தனை சிநேகத்துக்கு நடுவில் என் தம்பியும் அவருடைய மூத்த மகளும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். இருவரும் ஒரே ரயிலில் போய் வருகிறவர்கள். ஓடிப்போகிற ரகம் இல்லை. இரண்டு வீடும் சம்மதித்தால்தான் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை, அதனால் தம்பிக்குச் சம்மதம் தரவேண்டியவள் நான். பையன் ஞானஸ்நானம் எடுத்தால் பார்க்கலாம் என்றார் பக்கத்து வீட்டம்மா. பெண் பொட்டு வைத்து எங்கள் குலதெய்வம் கோயிலில் தாலி கட்டிக்கொண்டால் பார்க்கலாம் என்றேன் நான். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பேச்சை அதோடு மூடிவைத்துவிட்டு, முறுக்கையும் கேக்கையும் கைமாற்றிக்கொண்டு சுமுகமாக இருந்தோம்.

பள்ளிக்கூடம் சும்மா இருந்ததா? வேறு மதத்துக் குடும்பம் ஒன்றைப் பேட்டி காணவேண்டும் என்று ப்ராஜெக்ட் கொடுத்தது. மகள் கல்கல் போடும் நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். மேஜையைச் சுற்றி நான், பக்கத்து வீட்டம்மா, அவருடைய மூத்த பெண். உங்கள் மதம் அன்பைப் பற்றி என்ன சொல்கிறது என்று மகள் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கடவுள் முன்னால் எல்லோரும் ஒன்று, பக்கத்தில் இருப்பவனை உன்னைப் போல் நேசி என்று கணீரென்று சொன்னார். நான் விடுவேனா? பேட்டி எனக்கில்லை என்றாலும், எங்கள் பக்கமும் எல்லா உயிரிலும் சாமியைப் பார்ப்பதுதான் வழக்கம் என்று சேர்த்துவிட்டேன்.

மகள் எழுதி முடித்துத் தலையைத் தூக்கினாள்.

"அப்போ மாமாவுக்கும் இந்த அக்காவுக்கும் கல்யாணம் பண்ணி வெக்க இன்னா தடை, ஆன்ட்டி? ரெண்டு மதத்துலயும் ஓகேதானே?"

மூத்த பெண் முள்கரண்டியை வைத்துவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அவ்வளவு ஆசை அந்தப் பார்வையில். எண்ணெய் காய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். அடுப்பையே அதுவரை பற்றவைக்கவில்லை.

மறுநாள் நான் வேலைக்கு லீவு போட்டேன். பக்கத்து வீட்டம்மாவும் நானும் ஒரே ஆட்டோவில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பிள்ளைகளுக்கு இந்த வயதில் மதம் எதற்கு, கணக்கு சொல்லிக்கொடுக்கட்டும் என்றார் அவர். அதையே சொல்லத்தான் நானும் வாயெடுத்திருந்தேன். இத்தனை வருடப் பழக்கத்தில் இவ்வளவு மத நல்லிணக்கத்தை நாங்கள் கண்டதில்லை. பிரின்சிபாலுக்கு எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு மதத்துத் தாய்மார்கள் சேர்ந்து பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து டீ வரவழைத்தார். டீயைக் குடித்துவிட்டே புகாரைச் சொன்னோம். பாடத்தை நிறுத்த முடியாது, வேண்டுமானால் பேட்டிக்குப் பதில் படம் வரைந்து தரட்டும் என்றார். கோயில், சர்ச், மசூதி மூன்றும் ஒரே சார்ட்டில், நடுவில் ஒரு புறா. எங்களுக்குப் பரம திருப்தி.

சாயங்காலம் மகளுக்குப் புதுக் கலர் பென்சில் டப்பா வாங்கிக் கொடுத்தேன். அவள் திறக்கவே இல்லை. தம்பி வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். எங்கள் புத்தகத்தில் இருக்கும் எல்லா மதத்தையும் புரட்டிவிட்டேன், நீ சொல்லும் காரணம் எதிலும் இல்லை என்றாள் மகள். அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே என்றேன்.

"நீயும் ஆன்ட்டியும் ஒரே மதம்தாம்மா. அந்த மதத்த மட்டும் எங்க புக்ல போடல."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தம்பி சிரித்திருந்தால் அதை அவன்மேல் காட்டியிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கினான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்துதான் பேசினான்.

"வர்ற ஞாயித்துக்கெழம அவளப் பொண்ணு பாக்க வர்றாங்களாம்க்கா. சபைக்காரங்கதான். அவங்கம்மா ஒத்தாசைக்கு உன்னத்தான் கூப்புடுவாங்க. வீட்டுலயே இரு."

தம்பி சொன்னபடியே பக்கத்து வீட்டம்மா வந்து கூப்பிட்டார். போகாவிட்டால் தப்பாக நினைப்பார் என்று போனேன். வந்தவர்களிடம் என்னைத் தன் கூடப்பிறந்த தங்கை மாதிரி என்று அறிமுகப்படுத்தினார். மாப்பிள்ளைக்குக் காபித் தட்டை எடுத்துவந்த பெண் என்னைத் தாண்டித்தான் போனாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.