ட்ரீ மாத்திக்கோ மோளே

கிறிஸ்துமஸ் மரத்தை என்றைக்கு வைப்பது என்பதில் எங்கள் மலையில் யாருக்கும் தகராறு கிடையாது. டிசம்பர் பிறந்ததும் வாசலில் நட்சத்திரம் தொங்கிவிடும், பின்னாலேயே மரமும் வந்துவிடும். என்றைக்கு எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு சட்டம். எஸ்டேட் லயத்தில், அதாவது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், வேதக்காரக் குடும்பங்கள் புது வருஷம் கழிந்த கையோடு எடுத்துவிடுவார்கள். சின்னக்கானல் ரிசார்ட்டுகளில் பொங்கல் கூட்டம் இறங்கும்வரை எடுக்கவே மாட்டார்கள். வாசலில் கரும்பு கட்டியிருக்கும், பக்கத்திலேயே பஞ்சைப் பனியாக ஒட்டிய மரமும் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் பட்டுச்சேலையோடு நின்று கோயம்புத்தூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள்.

நான் வேலை பார்க்கும் ஹோம்ஸ்டேயை நடத்தும் சேச்சிக்கு ஜனவரி ஆறாம் தேதி. மூன்று ராஜாக்கள் குழந்தை ஏசுவைப் பார்க்க வந்து சேர்ந்த நாள் அது. அன்று சாயங்காலம் வாசலில் ஒரு வாழைத்தண்டை நட்டு, அதைச் சுற்றிலும் விளக்கு குத்தி ஏற்றுவார். மறுநாள் மரத்தை எடுக்கலாம். எங்கள் வீட்டிலோ எடுப்பதற்கென்று ஒரு நாளே கிடையாது. மாவிலைத் தோரணம் காய்ந்து சுருண்டு கிடக்கும், அடுத்த பண்டிகைக்குப் புதிது கட்டும்போது பழையது இறங்கும். அதனால் சேச்சியின் ஆறாம் தேதிக் கணக்கு எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

சேச்சிக்கு அறுபது வயதிருக்கும். கோதமங்கலம் பக்கத்திலிருந்து கணவரோடு மலையேறி வந்து நாலு அறை உள்ள அந்த வீட்டை நடத்த ஆரம்பித்தவர். நான் சேருவதற்கு முந்திய வருஷம் கணவர் இறந்துபோனார். ஒரே மகன், அயர்லாந்தில் நர்ஸ். அப்பாவின் அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை. வர முடியவில்லையா, வரவில்லையா என்பதில் அம்மாவுக்கும் மகனுக்கும் ஏதோ பேச்சு வளர்ந்து, பிறகு போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு நின்றுவிட்டது. இதெல்லாம் சமையல்காரர் எனக்குச் சொன்னது. வீட்டில் வேலைக்கு அவரும் நானும் மட்டும்தான். அவர் சமையல், மற்றதெல்லாம் நான்.

நான் பிறந்தது இடுக்கியில்தான் என்றாலும் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், வளர்ந்தது லயத்தில். கடையில், பஸ்ஸில் பேசும் அளவுக்குத்தான் அப்போது மலையாளம் தெரியும். சேர்ந்த முதல் தீபாவளிக்கு, யாரும் சொல்லாமலே, சேச்சி வீட்டுப் படிக்கு முன்னால் கலர்ப்பொடிக் கோலம் போட்டு, சுற்றி அகல் வைத்தேன். முதுகு ஒடிந்துபோனது. கெஸ்டுகள் எல்லாம் படம் எடுத்தார்கள், சேச்சியும் நன்றாக இருக்கிறது என்றார். மறுநாள் காலையில் கூப்பிட்டார்.

"மோளே, இது மாத்திக்கோ. கெஸ்ட் சவிட்டும்."

மோளே என்றால் மகளே, சவிட்டும் என்றால் மிதிப்பார்கள் என்பது புரிந்தது. 'மாத்திக்கோ'தான் வம்பு. நம் தமிழில் மாத்து என்றால் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது. நானும் வெள்ளந்தியாக, "வேற கோலம் போடட்டுமா சேச்சி?" என்று கேட்டேன். சமையல்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ கொட்டியது. அப்புறம்தான் சொன்னார், மலையாளத்தில் அப்படிச் சொன்னால் எடுத்துவிடு என்று அர்த்தமாம். இடத்தை விட்டு நகர்த்தச் சொல்வதற்கும் அதே சொல்தானாம். எதைச் சொல்கிறார்கள் என்பதை நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கோலத்தைக் கழுவினேன். ஒரு வாரத்துக்கு, வந்த ஜீப் டிரைவர் ஒவ்வொருவரிடமும் சமையல்காரர் அந்தக் கதையைச் சொன்னார். ஒரு தடவை சேச்சியும் சிரித்தார்.

உண்மையைச் சொன்னால், வீட்டிலும் மறுநாள் அந்தக் கோலத்தை நானே கூட்டித் தள்ளியிருப்பேன். ஆனால் நானாகக் கூட்டுவது வேறு, கூட்டச் சொல்லிக் கேட்பது வேறு. எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அம்மா இருந்தவரை அதற்காக என்னை அமுக்குணி என்று திட்டுவாள்.

அந்த டிசம்பரில் மகன் வருவதாகச் சொன்னான். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை, ஜனவரி பத்தாம் தேதி வருவான், நாலு நாள் இருப்பான். சேச்சி அன்றிலிருந்து வேறு ஆளாக நடமாடினார். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. மரத்தின் உச்சியில் நட்சத்திரத்தை அப்பாதான் வைப்பார், எடுக்கும்போது மகன்தான் எடுப்பான். சின்ன வயதில் அப்பா தோளில் ஏறி எடுத்தவன், வளர்ந்த பிறகும் எவ்வளவு சண்டை இருந்தாலும் அதற்கு மட்டும் வந்து நிற்பானாம். கணவர் இறந்த வருஷம் சேச்சி மரமே வைக்கவில்லை. இந்தத் தடவை என்னை நாற்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தானே ஏறி நட்சத்திரத்தை வைத்தார்.

"ஈ வருஷம் ஆறாந் தேதி கழிஞ்ஞாலும் எடுக்கண்டா. அவன் வந்து எடுக்கட்டெ," என்றார். எடுக்க வேண்டாம், அவன் வந்து எடுக்கட்டும். இதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. இதை இங்கே எழுதிவைப்பது நான் தப்பிக்க வழி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

ஆறாம் தேதி வாழைத்தண்டு விளக்கு முடிந்தது. ஏழாம் தேதி தங்கைக்கு ஆபரேஷன் என்று சேச்சி கோதமங்கலம் போனார். ஒன்பதாம் தேதி திரும்பிவிடுவார். சமையல்காரரும் லீவு, நான் ஒருத்திதான். எட்டாம் தேதி கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. மூன்று பிள்ளைகள், மூன்றும் வானரம். மரத்தில் தொங்கியதையெல்லாம் பிடித்து இழுத்தார்கள். ஒரு கண்ணாடி உருண்டை உடைந்தது. சேச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ட்ரீ அவிடெந்நு மாத்திக்கோ மோளே," என்றார்.

லைன் தெளிவாக இருந்தது. அங்கிருந்து நகர்த்தி, பிள்ளைகள் கை எட்டாத அவருடைய அறையில் வைக்கச் சொல்கிறார் என்று அந்த நொடியே தெரியும். ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டு ஊர் சிரிக்க நின்றவள் இரண்டாவது தடவை அதைத் தப்பாகக் கேட்க மாட்டாள். ஆனால் மரம் கல் போட்ட இரும்பு வாளியில் நின்றது, ஒற்றை ஆளாக அசைக்க முடியாது. காலையிலிருந்து இடுப்பு வலி. வீட்டில் பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும் வேலை அப்படியே கிடந்தது. இவையெல்லாம் சாக்கு. மனசுக்குள் ஒரு குரல் சொன்னது: என் கோலத்துக்கு மாத்திக்கோ என்றால் கழுவி ஊற்றுவது, உங்கள் மரத்துக்கு மட்டும் பத்திரமாகத் தூக்கி வைப்பதா? சொன்னதைச் செய்தேன் என்று நின்றுவிடலாம், யார் என்ன கேட்க முடியும்?

நாற்காலியில் ஏறி நட்சத்திரத்தை முதலில் எடுத்தேன். உருண்டை, மணி, சரவிளக்கு எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கினேன். அதிலெல்லாம் என்னைக் குறை சொல்ல முடியாது. பிறகு வாளியிலிருந்த கல்லை எடுத்துவிட்டு, மரத்தை உருவிக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போய் அரிவாளால் துண்டு போட்டு, வெந்நீர் பாய்லருக்குள் திணித்தேன். நல்ல வாசனையோடு எரிந்தது. வந்திருந்த குடும்பம் அந்த வெந்நீரில்தான் குளித்தது. சாம்பலை அள்ளும்போதே தெரிந்துவிட்டது, ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சரிதான். ஆனால் சாம்பலை எடுத்து மறுபடி மரமாக நட முடியுமா?

ஒன்பதாம் தேதி மதியம் சேச்சி வந்தார். கையில் பையோடு ஹாலில் நின்றபடியே கேட்டார்.

"மரம் எவிடெ?"

நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். "நீங்கதான சேச்சி மாத்திக்கோன்னு சொன்னீங்க. எடுத்துட்டேன். அடுப்புக்குப் போட்டாச்சு."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கோலத்தைச் சொல்லியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், எல்லாம் அத்தோடு தீர்ந்திருக்கும். அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு வாயில் கையை வைத்தார்.

"அய்யோ மோளே. ஞான் பறஞ்ஞது நினக்கு மனசிலாயில்ல."

எனக்கு விளங்கவில்லையாம். நான் தேடிக்கொண்டிருந்த பொந்தை அவரே காட்டிக் கொடுத்தார், நான் அதற்குள் புகுந்துகொண்டேன். ஆமாம் என்பதுபோலத் தலையைக் குனிந்தேன். தீபாவளிக் கதை அவருக்கும் நினைவிருந்திருக்க வேண்டும். இந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு அந்தச் சொல் விளங்காது என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே.

"வேற கிளை வெட்டிட்டு வரச் சொல்லட்டுமா சேச்சி? எங்க வீட்டுக்காரர் இப்பமே போயிட்டு வந்துருவாரு," என்று கேட்டேன். மனசாரத்தான் கேட்டேன்.

"வேண்டா. வெச்ச மரம் நிந்நா ஆரும் சோதிக்கில்ல. பெருநாள் கழிஞ்ஞு புதியது வெச்சா ஆளுகள் சிரிக்கும்," என்றார். வைத்த மரம் அப்படியே நின்றால் யாரும் கேட்கமாட்டார்கள், திருநாள் முடிந்து புது மரம் நட்டால் ஊர் சிரிக்கும். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. பொங்கல் முடிந்து வாசலில் கரும்பு நிற்கலாம், நாலு நாள் கழித்து யாரும் புதுக் கரும்பு வாங்கிக் கட்டுவதில்லை.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் எஸ்டேட் பேக்டரியில் வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார்.

"மகன் வந்துதான் எடுப்பான்னு அந்தம்மா சொல்லுச்சுன்னு நீதான என்கிட்ட சொன்ன? பெறகு எதுக்கு எடுத்த பிள்ள?"

"மறந்துட்டேன்," என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கைகழுவப் போனார். நம்பவில்லை.

பத்தாம் தேதி மகன் வந்தான். முப்பது வயது, அப்பாவின் படத்தில் இருக்கிற அதே நெற்றி. அம்மாவைக் கட்டிக்கொண்டான். பெட்டியைக் கீழே வைத்ததும் ஹாலின் அந்த மூலையைப் பார்த்தான். தரையில் வாளி நின்ற வட்டம் மட்டும் தெரிந்தது. நான் டீ டிரேயோடு கதவருகில் நின்றேன்.

"மரம் எடுத்தோ?" என்று கேட்டான்.

"ஞான் பறஞ்ஞிட்டா. என்டெ தெற்றா," என்றார் சேச்சி. நான் சொல்லித்தான் எடுத்தாள், என் தப்பு. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சாரமில்ல," பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவன் டீயை எடுத்துக்கொண்டு போனை எடுத்தான். நாலு நாளும் நல்லபடியாகத்தான் இருந்தான். மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், அப்பாவின் கல்லறைக்குப் போய்வந்தான். ஆனால் அம்மாவும் மகனும் ஹாலில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார்களே தவிர, ஒருவரையொருவர் பார்த்துப் பேசி நான் கேட்கவில்லை. மரம் நின்றிருந்தால் பேசியிருப்பார்களா? பேசாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அவன் நாற்காலியில் ஏற, அவர் பிடித்துக்கொள்ள என்று ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அந்த நிமிஷத்துக்காகத்தான் அந்த அம்மாள் ஒரு மாதமாகக் காத்திருந்தார். அதைத்தான் நான் பாய்லரில் போட்டேன்.

அவன் போனபிறகு சேச்சி என்னிடம் பேசும் விதமே மாறியது. ஒவ்வொன்றையும் நிறுத்தி, கையால் காட்டி, புரிந்ததா என்று கேட்டுச் சொன்னார். ஒருநாள் மூணாறு போய்வந்தவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். மலையாளம் வழியாகத் தமிழ் படிக்கும் புத்தகம். "நின்னோடு மரியாதைக்கு சம்சாரிக்கான் எனிக்கு அறியில்ல. அது என்டெ குறவா," என்றார். உன்னோடு ஒழுங்காகப் பேசத் தெரியாதது என் குறை என்று எனக்குச் சம்பளம் தருகிறவர் சொல்கிறார். அறுபது வயதில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அ, ஆ எழுதினார். சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார், நானும் சொல்லிக்கொடுப்பேன். இந்த நாலு வருஷத்தில் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. மன்னித்துவிடுவார், அதுதான் பயம்.

மகன் அப்புறம் வரவில்லை. இந்த வருஷமும் லீவு இல்லை, பார்க்கலாம் என்றிருக்கிறான். ஆறாம் தேதி கழிந்தும் மரம் நின்றது. ரூமுக்கு வந்தவர்கள் பெட்டியை வைக்க இடமில்லை என்றதால், சேச்சி என்னைக் கூப்பிட்டு மரத்தின் முன்னால் நிறுத்தினார். பாடம் ஒப்பிக்கிறவரைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மரத்தை எடுக்க வேண்டாம். என் அறைக்கு நகர்த்தி வை. அவன் வந்து எடுப்பான்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "இப்போ புரிஞ்சுதா மோளே? சரியா சொன்னேனா?" என்று கேட்டார்.

"அன்னைக்கும் சரியாத்தான் சொன்னீங்க சேச்சி," என்றேன்.

அவர் சிரித்தார். நான் அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தட்டிவிட்டு, வாளியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் குனிந்தார்.